எலும்புக்கு இறங்கிய புற்று: ஏன் இத்தனை டாக்டர்?

தம்பி, டீயைக் குடித்துக்கொண்டே கேள். அப்பாவுக்கு வந்திருப்பது புராஸ்டேட் புற்றுநோய். இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இறங்கியிருக்கிறது. அதற்காக அதை எலும்புப் புற்றுநோய் என்று நினைத்துவிடாதே. புராஸ்டேட் செல்கள்தான் அங்கே போய்க் குடியேறியிருக்கின்றன. மருந்தும் புராஸ்டேட்டுக்கு உரியதுதான். இந்தக் கட்டத்தில் அடியோடு ஒழிப்பது பெரும்பாலும் நடக்காது. ஆனால் பலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறது. அந்த ஆண்டுகளில் அப்பா எழுந்து நடமாட வேண்டும். அதற்குத்தான் இத்தனை டாக்டர்கள்.

ஆண் ஹார்மோன் இருந்தால்தான் இந்தப் புற்று செழிக்கும். 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் அதைக் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் முதல் வேலை ஹார்மோனை நிறுத்துவதுதான்: ஊசி, அல்லது விரைகளை எடுக்கும் ஆபரேஷன். அது யூராலஜி டாக்டர் பொறுப்பு. கூடவே அபிராடிரோன் போன்ற மாத்திரையோ கீமோவோ தருபவர் புற்றுநோய் டாக்டர். அபிராடிரோன் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், பொட்டாசியத்தை இறக்கலாம். இதய நோய் உள்ளவர்களுக்கு இதய டாக்டரும் தேவை.

ஹார்மோன் நின்றால் நல்ல எலும்பும் மெலியும். நோய் ஒரு பக்கம், சிகிச்சை ஒரு பக்கம் என்று எலும்புக்கு இரட்டை அடி. அதனால் பலருக்கு சோலெட்ரானிக் அமிலம் அல்லது டெனோசுமாப் என்ற ஊசி போடுகிறார்கள். அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஊசி தொடங்கிய பிறகு பல்லைப் பிடுங்கினால் சிலருக்கு அந்தக் குழி ஆறாது. ஈறு விலகி, தாடை எலும்பு வெளியே தெரிந்து, சீழ் வைக்கும். கெட்ட பல்லை முதலிலேயே எடுத்து, புண் ஆறிய பிறகு ஊசியைத் தொடங்குவதுதான் சரி. பின்னால் எப்போது பல் வலித்தாலும் இந்த ஊசி போடுவதைப் பல் டாக்டரிடம் சொல்லிவிடு.

இந்த டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு ஆய்வே சாட்சி. எலும்புக்குப் போய் வேலை செய்யும் ரேடியம்-223 கதிர் ஊசியை அணு மருத்துவத் துறையில் போடுவார்கள். நல்ல மருந்து. அபிராடிரோனும் நல்ல மருந்து. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இன்னும் நல்லது என்று நம்பி, 806 பேரைக் கொண்டு சோதித்தார்கள். ரேடியமும் சேர்த்துப் பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. அபிராடிரோன் மட்டும் பெற்றவர்களில் 11 சதவீதம். எலும்பைக் காக்கும் ஊசி போட்டிருந்தவர்களுக்கு முறிவு குறைவாக இருந்தது. ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று இதிலிருந்து நீயே புரிந்துகொள்ளலாம். டியூமர் போர்டு என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுப்பது இதற்காகத்தான். அப்பா கேஸை அங்கே வைத்தார்களா என்று கேள். கேட்பதில் தப்பே இல்லை.

எலும்பு வலிக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். பலருக்கு ஒரே தடவை போதும். வலித் தணிப்பு டாக்டரிடம் அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று கலங்காதே. அவர் முதலிலிருந்தே கூட இருக்க வேண்டியவர்.

எல்லா ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். முதுகுவலி திடீரென்று கூடினாலோ, கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே. முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். நள்ளிரவானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிறகும் நடக்கிறார்கள். கால் முழுதாக விழுந்த பிறகு வந்தவர்கள் மீள்வது அரிது.