ஒரு சொல், பல பொருள்

சவ்வாது மலைச்சாரலில் உள்ள சந்தவாசல், திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அம்மாவட்டத்தின் தலைநகராகிய திருவண்ணாமலை, ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்கு உரியது. நிலம், நீர், நெருப்பு, காற்று, விசும்பு ஆகிய ஐந்தின் கலப்பே உலகம் என்பது தொல்காப்பியர் கொள்கை. பூதம் என்னும் இச்சொல்லை ஆங்கிலத்தார் ‘எலிமெண்ட்’ என்பர்.

வேதியியலார்க்கு அச்சொல் தரும் பொருள் வேறு. ஒரே வகை அணுக்களால் ஆகிய பொருளையே அவர்கள் அவ்வாறு அழைப்பர். தமிழ்நாட்டில் அது தனிமம் எனப்படும். இலங்கையில் மூலகம் எனப்படும். இரும்பு, பொன் முதலாக இன்று அறியப்பட்ட தனிமங்கள் 118. நீர் அவற்றுள் ஒன்றன்று. அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடிய சேர்மம் என்பதை 1783ஆம் ஆண்டில் இலவாசியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். ஆதலின் நீர் பூதம் ஆகும், தனிமம் ஆகாது.

கணிதத்தில் ஒரு கணத்தின் உறுப்பும் ‘எலிமெண்ட்’. மின் தேய்ப்புப் பெட்டியில் சூடேறும் பகுதியும் ‘எலிமெண்ட்’. இதன் மூலமாகிய இலத்தீன் சொல், அடிப்படையையும் எழுத்தையும் குறித்தது. எழுத்துகள் கூடிச் சொல்லாவதுபோல, பிறவற்றை ஆக்கும் அடிப்படைக் கூறு என்பதே இச்சொல்லின் உட்கருத்து.

இதனை அறியாது அகராதியில் முதலிற் கண்ட சொல்லை எடுத்தாள்வோர் மொழிபெயர்ப்பில், நீர் தனிமமாகிவிடும். கணத்தின் உறுப்போ பூதமாகி நகைப்பை விளைக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்வதே மொழியறிவு.