ஹைட்ரஜனை உடைத்த குட்டி கேலக்ஸிகள்

மார்கழி முன்னிரவில் உத்தமபாளையத்துத் தோட்டம் ஒன்றில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, பளிச்சென்று ஒரு நட்சத்திரம்கூட இல்லாத இருண்ட பகுதி தெரியும். அங்கேதான் ஃபோர்னாக்ஸ் விண்மீன் கூட்டம். அதில் ஒரு சிறு துண்டை இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலம் 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டிருந்தது.

தேடியது புற ஊதாக் கதிரை. ஏன் என்று புரிய, பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்களாயின. ஏறக்குறைய 100 கோடி ஆண்டு கழிவதற்குள், கேலக்ஸிகளுக்கு இடையிலிருந்த ஹைட்ரஜன் மறுபடி உடைந்து அயனியாகிவிட்டது. உடைக்க 91.2 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளி வேண்டும். சூரியனைவிடப் பல மடங்கு கனமான, கொதிக்கும் இளம் நட்சத்திரங்கள் அதைக் கொடுக்கும். காய்ந்த மானாவாரிக் காட்டில் கோடைமழையின் முதல் துளிகள் விழுந்த இடமெல்லாம் ஈரப் புள்ளியாகி, புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் காய்ந்த தரையே இல்லாமல் போகுமே, அப்படித்தான் ஒவ்வொரு கேலக்ஸியையும் சுற்றி அயனிக் குமிழி கிளம்பிப் பரவியது.

பெரிய கேலக்ஸிகள் அன்று குறைவு, குட்டிகள் ஏராளம். ஹைட்ரஜனை உடைத்த வேலையில் பெரும்பங்கு குட்டிகளுடையது என்றே நான் நம்புகிறேன். 2024இல் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு, தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியைப் பெருக்கிக் காட்டியதில் அந்தக் காலத்தைச் சேர்ந்த 8 மங்கலான குட்டிகள் அகப்பட்டன. அவை எதிர்பார்த்ததைப் போல 4 மடங்கு அயனியாக்கும் ஒளியை உண்டாக்கியிருந்தன.

ஆனால் உண்டாவது வேறு, வெளியே வருவது வேறு. சொந்த கேலக்ஸியின் வாயுவே அதை விழுங்கிவிடலாம். தப்பி வந்தாலும் வழியிலுள்ள ஹைட்ரஜன் விடாது. அதனால் ஆதி கேலக்ஸிகளிலிருந்து தப்பிய ஒளியை நேரே பார்க்க வழியில்லை. அவற்றைப் போன்றவற்றைக் கொஞ்சம் அருகில் தேட வேண்டும்.

புனேயின் ஐயூகா நிறுவனத்தில் கனக் சாஹா தலைமையிலான குழுவுக்கு, ஆஸ்ட்ரோசாட் பார்த்த அந்த ஃபோர்னாக்ஸ் துண்டில் கிடைத்தது அப்படி ஒன்று: ஏயூடிஎஃப்எஸ்01. அதன் ஒளி நம்மை வந்தடைய 930 கோடி ஆண்டு ஆயிற்று. 60 நானோமீட்டராகப் புறப்பட்டது, பிரபஞ்சம் விரிந்ததில் நீண்டு சுமார் 145 ஆகிவிட்டது. ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு விட்டம் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. 2.4 மீட்டர் கண்ணாடி கொண்ட ஹபிள் தொலைநோக்கிக்கு எட்டாத ஒளி அதற்கு எட்டியது, உணர்கருவியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பதால். அந்த கேலக்ஸியின் அயனியாக்கும் ஒளியில் குறைந்தது 20 சதவீதம் தப்பி வெளியேறியிருந்தது. வந்தது அங்கிருந்துதான் என்று நீண்ட காலம் சரிபார்த்த பிறகே, 2020 ஆகஸ்டில் நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் அறிவித்தார்கள்.