இருட்கூட்டில் உருவாகும் விண்மீன்கள்

யுரேனஸ் கோளைக் கண்டறிந்து பெரும்புகழ் பெற்ற வில்லியம் ஹெர்ஷல், விருச்சிக மண்டலத்தை ஆராய்ந்தபோது, விண்மீன்கள் செறிந்த பரப்பின் நடுவே ஒன்றுமேயற்ற கரிய இடமொன்றைக் கண்டார். வானத்தில் ஒரு துளை என்றே அதனைக் கருதினார். 1785இல் வெளியிட்ட கட்டுரையிலும் அவ்வாறே குறித்தார்.

அது துளையன்று, திரை என உலகிற்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் அமெரிக்கரான எட்வர்ட் பர்னார்ட். வறுமையினால் ஒன்பதாம் வயதிலேயே புகைப்பட நிலையமொன்றில் வேலைக்கு அமர்ந்தவர் அவர். அங்குக் கற்ற தொழிலே பின்னாளில் வானத்தைப் படம்பிடிக்க அவருக்குக் கைகொடுத்தது. தொடக்கத்தில் அவரும் தயங்கினார். ஆயினும் 1919இல் இத்தகைய 182 கரும்பகுதிகளை அட்டவணைப்படுத்தியபோது, அவற்றுள் பல, பின்னுள்ள ஒளியை மறைக்கும் முகில்களே எனத் துணிந்தார்.

அம்முகிலில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு. நூற்றில் ஒரு பங்களவு நுண்ணிய தூசு. நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அஃது ஏறக்குறைய வெற்றிடமே! ஆனால் கோடானுகோடி மைல் பரந்து கிடப்பதால், அச்சிறு தூசே ஒளியைத் தடுக்கப் போதுமானதாகிறது.

விண்மீன் என்றவுடன் நாம் நினைப்பது வெப்பத்தையன்றோ? அது தோன்றுவதற்கு வேண்டுவதோ கடுங்குளிர். வாயுவின் ஒவ்வோர் அணுவும் மற்றவற்றைத் தன்பால் ஈர்க்கிறது. வெப்பம் மிகுந்தால் அணுக்கள் விரைந்தோடி அவ்வீர்ப்பை எதிர்த்து நிற்கும். குளிர்ந்தால் எதிர்ப்புத் தளரும். ஈர்ப்பு எப்போது வெல்லும் என்பதை ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902இலேயே கணக்கிட்டுக் காட்டினார். முகிலின் தூசு வெளியொளியை உள்ளே விடுவதில்லை. கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகள் எஞ்சிய வெப்பத்தையும் அலைகளாக வெளியேற்றிவிடுகின்றன. எனவே உள்ளே சுழியத்திற்குக் கீழ் 260 பாகை அளவிற்குக் குளிர் நிலவுகிறது.

ஈர்ப்பு வென்றதும் வாயு நடுநோக்கிச் சரியத் தொடங்கும். அடர்த்தி மிக மிக, வெளியேற வழியின்றி வெப்பம் உள்ளேயே தேங்கும். நடுப்பகுதி ஏறத்தாழ ஒரு கோடி பாகையை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்கும். நம் சூரியன் அந்நிலையை அடையவே சில கோடி ஆண்டுகள் ஆயின.

இக்கரிய முகில்களே விண்மீன்களின் பிறப்பிடமாக இருக்கலாம் என 1947இல் பார்ட் பாக் என்பவரும் எடித் ரெய்லி என்னும் அம்மையாரும் எழுதினர். புழு தன்னைச் சுற்றி நூற்கும் கூட்டிற்கு அவற்றை ஒப்பிட்டனர். அழகிய கருத்துத்தான், சான்று வேண்டுமே! கண்ணுக்குப் புலனாகும் ஒளி அம்முகிலைக் கடப்பதில்லை. அகச்சிவப்புக் கதிர்கள் கடக்கும். அக்கதிர்களைப் பதிவு செய்யும் செயற்கைக்கோள் 1983இல் ஏவப்பட்டது. அவ்வாண்டிலேயே பாக் மறைந்தார். அதன் பதிவுகளை ஆராய்ந்த இரு வானநூலார், முகில்களுக்குள் இளம் விண்மீன்கள் உள்ளன என 1990இல் அறிவித்தனர். பாக் கூறியது சரியே என்பதைத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் பொறித்தது நமக்கும் மகிழ்வளிக்கிறது.

எல்லாக் கூட்டிலும் விண்மீன் தோன்றிவிடவில்லை. பர்னார்டின் அட்டவணையில் 68ஆம் எண் பெற்ற முகிலின் அகலம் அரை ஒளியாண்டு. அதிலுள்ள பொருளோ ஏறத்தாழ இரு சூரியன்களுக்குப் போதுமானது. அதனூடே மங்கித் தெரியும் ஆயிரக்கணக்கான விண்மீன்களின் ஒளியை அளந்து, அதன் உட்புற அடர்த்தியை 2001இல் கண்டறிந்தனர். ஈர்ப்பும் எதிர்ப்பும் அங்கே இன்னும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. அது சரிந்து விண்மீனாகத் தொடங்குவதற்கு இரண்டு இலட்சம் ஆண்டுகள் ஆகலாம் என்பது ஒரு கணிப்பு.