மருந்துப் புட்டியில் ஒரு கணக்கு

வீட்டில் இருக்கும் காய்ச்சல் மருந்துப் புட்டியை அம்மாவையோ அப்பாவையோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்துகளைப் படியுங்கள். பாராசிட்டமால் சிரப் என்றால் '5 மி.லி.யில் 125 மி.கி.' என்றோ '5 மி.லி.யில் 250 மி.கி.' என்றோ போட்டிருக்கும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் '1 மி.லி.யில் 100 மி.கி.' என்று இருக்கும்.

இப்போது கணக்கு. முதல் சிரப்பில் 1 மி.லி.க்கு எவ்வளவு மருந்து? 125-ஐ 5-ஆல் வகுத்தால் 25 மி.கி. சொட்டு மருந்திலோ 100. நான்கு மடங்கு! பாப்பாவுக்கு உரியது லேசாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பாப்பாவால் நிறைய விழுங்க முடியாது. அதனால் கொஞ்சத்துக்குள்ளேயே மருந்தை அடர்த்தியாகக் கரைத்திருக்கிறார்கள். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றிவிட்டால் 500 மி.கி. உள்ளே போய்விடும். பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரையின் அளவு அது! அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழப்பத்தைத் தவிர்க்கத்தான், 2011-இல் மருந்து நிறுவனங்கள் அடர்த்தியான சொட்டு மருந்தைக் கைவிட்டு, 5 மி.லி.யில் 160 மி.கி. என்ற ஒரே அளவுக்கு மாற முடிவெடுத்தன.

அளவு மிஞ்சினால் அடிபடுவது கல்லீரல். பாராசிட்டமாலில் பெரும்பகுதியை அது தீங்கில்லாமல் மாற்றி வெளியேற்றிவிடும். சிறு பகுதி மட்டும் நச்சாக மாறும். குளுட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனே அடக்கிவிடும். மருந்து மிக அதிகமானால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கும். முதல் நாளில் குழந்தை நன்றாக இருப்பதுபோலவே தெரியலாம். ஆகவே அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், வாந்தியோ வலியோ வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துக் குறிப்பைப் படித்தாலே போதுமா? 2006-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 'இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை' என்ற குறிப்பை நோயாளிகளிடம் காட்டினார்கள். வாசிப்புத்திறன் குறைந்தவர்களில்கூட நூற்றுக்கு 71 பேர் அதைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணி எடுக்கச் சொன்னபோது, 35 பேர்தான் நான்கு மாத்திரை எடுத்தார்கள். இதை அவர்கள் தவறு என்று நான் சொல்லமாட்டேன். காலை இரண்டு, இரவு இரண்டு என்று எழுதியிருந்தால் எவ்வளவு எளிது! நம் ஊர் மருந்துச் சீட்டில் வரும் 1-0-1 அந்த வகையில் நல்ல முறை: காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று.

சமையலறை ஸ்பூன்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. புட்டியோடு வரும் மூடியிலோ சொட்டுக் குழாயிலோ மி.லி. கோடு பார்த்து அளப்பதுதான் சரி. அளந்து கொடுப்பது பெரியவர்கள் வேலை. நீங்களாக மருந்தை எடுக்கவே கூடாது. அடுத்த முறை பாட்டியோடு மருந்துக்கடைக்குப் போனால், கடைக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்: எத்தனை மி.லி., எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? தப்பாக இருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார்.