விழிதியூரிலிருந்து வடக்கே ஒரு தலைநகருக்கு

காரைக்கால் மாவட்டம் விழிதியூர் போன்ற ஊரில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளை யாரோடு சுற்றுகிறான் என்பது டீக்கடைக்கே தெரியும். ஆணை நேசிக்கும் ஓர் இளைஞனுக்கு அது மூச்சு முட்டும் நெருக்கம். சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் கொஞ்சம் காற்று கிடைக்கிறது. காரைக்காலும் அடங்கிய ஒன்றிய ஆட்சிப்பரப்பின் தலைநகரம் என்பதால் வீட்டில் காரணம் சொல்வதும் சுலபம்.

மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையைச் சுற்றிய கூட்டத்தில் இரண்டு ஆண்கள் தோள் உரச நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறை எடுக்கும்போதுதான் சிக்கல். உள்ளூர் ஆதார் என்றாலே கைவிரிக்கும் விடுதிகள் உண்டு. வயது வந்த இருவர் ஓர் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த மண்ணின் சட்ட வரலாறு பலருக்குத் தெரியாது. பிரான்ஸ் 1791-லேயே தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதைக் குற்றமாக்கி பிரிட்டிஷார் 1860-இல் எழுதிய 377-ஆம் பிரிவு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியையும் காரைக்காலையும் தொடவில்லை. 1962-இல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி முடிந்து, மறு ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டபோதுதான் அது வந்தது. பிரெஞ்சுக் காலத்தில் ஊர் அன்போடு ஏற்றுக்கொண்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் போன பிறகு வெள்ளைக்காரன் சட்டம் வந்து உட்கார்ந்தது பெரும் அநீதி. வயது வந்தவர்களின் இசைவான உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பயம் நீடித்தது.

திருமண உரிமை 2023-இல் அதே நீதிமன்றத்தில் கிடைக்கவில்லை. ஆனால் தன்பாலீர்ப்பை ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் தடை விதித்தார். புதுச்சேரியும் காரைக்காலும் அதே உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. பிள்ளையை வைத்தியத்துக்கு இழுத்துப்போக நினைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செயலியில் பழகியவரை முதலில் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். எங்கே போகிறீர்கள் என்று நம்பிக்கையான நண்பர் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவின்படி குற்றம். பணம் கொடுக்காதீர்கள், புகார் கொடுங்கள். குற்றவாளி நீங்கள் அல்ல.