கைபேசி கைமாறும்போது

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்மார்ட்போனை ‘பேக்டரி ரீசெட்’ செய்து அதில் உள்ள சகலத்தையும் அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகம் மந்தமாகி வைரஸும் குடியேறிவிடும் என்றோர் அபிப்பிராயம் நம் ஜனங்களிடையே நன்றாக வேரூன்றியிருக்கிறது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, மாதம் தவறாமல் விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டிமாரின் வைத்தியத்திலிருந்து இந்த நம்பிக்கை பிறந்திருக்குமோ என்பது என் சந்தேகம். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று கேட்பவர்களுக்கு விடை, அதற்குக் காலக்கணக்கே கிடையாது என்பதுதான்.

ஒரு காலத்தில் இதற்குச் சிறிது ஆதாரம் இருந்தது. 2013-ல் ஆண்ட்ராய்டு 4.3 வருவதற்கு முன், நாம் அழித்த படங்கள் இருந்த இடம் காலியாகிவிட்டது என்ற தகவல் பல போன்களில் சேமிப்புச் சில்லுக்குப் போய்ச் சேராத காரணத்தால், நாளாக ஆகப் புதிதாக எழுதுவது அதற்குப் பாரமாகிப் போன் தடுமாறும். அந்தத் துப்புரவுப் பணியை அதன் பிறகு வந்த போன்கள், நாம் உறங்கும் வேளையில், சார்ஜில் கிடக்கும்போது தாமாகவே செய்துகொள்கின்றன. இன்றைக்கு ஒரு போன் மந்தமானால் பெரும்பாலும் அதில் இடம் நிரம்பியிருக்கும், அல்லது பேட்டரி முதுமையடைந்திருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்களை நீக்கினாலே பாதி வியாதி தீர்ந்துவிடும்.

வைரஸ் விஷயம் வேறு. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சலான் என்றும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ‘ஏபிகே’ கோப்பைத் திறந்து, கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்துவிட்டவர்களுக்கு ரீசெட் அவசியமான பரிகாரமே. ஆனால் அது முதல் பரிகாரமல்ல. முதலில் இணையத்தைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தகவல் சொல்லி, வந்த செய்தியையும் அனுப்பிய எண்ணையும் படம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் துடைக்க வேண்டும். பதற்றத்தில் முதலிலேயே துடைத்துவிட்டால் சாட்சியமும் கூடவே போய்விடும். துடைத்தும் போகாத விஷமிகளும் உண்டு. 2019-ல் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் பரவிய ‘எக்ஸ்ஹெல்ப்பர்’ என்ற செயலி, ரீசெட் எட்டாத சிஸ்டம் பகுதியில் தன்னைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, துடைத்த பிறகும் மறுபடி தலைகாட்டியது.

ரீசெட் என்பது எந்தக் காரியத்துக்கு மெய்யாகவே உரியதோ, அந்தக் காரியத்தில்தான் நம்மவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். பழைய செல்போன், உடைந்த செல்போன் இருந்தால் கொண்டுவரும்படி ஒலிப்பெருக்கியில் கூவிக்கொண்டு, பின்னால் பிளாஸ்டிக் குடங்களையும் கூடைகளையும் கட்டிக்கொண்டு மொபெட்டில் தெருத்தெருவாக வரும் வியாபாரியை எல்லோரும் பார்த்திருப்போம். அலமாரியில் கிடந்த, திரை கீறிய போனை எடுத்துவந்து, அதற்கு ஈடாக ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு போகிற இல்லத்தரசிக்கு, அதன் உள்ளே மெமரி கார்டு அப்படியே இருக்கிறது என்பதோ, அந்தக் கார்டில் ஆதார் அட்டையின் படமும், பாஸ்புக்கின் முதல் பக்கமும், பெண்ணின் வளைகாப்புப் படங்களும் இருக்கின்றன என்பதோ அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வருவதில்லை. வியாபாரி யோக்கியராகவே இருக்கட்டும். அவரிடம் மொத்தமாக வாங்குகிறவர் யார் என்பது அவருக்கே தெரியாது.

2014-ல் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இணையத்தில் 20 பழைய ஆண்ட்ராய்டு போன்களை விலைக்கு வாங்கிச் சோதித்தபோது, சொந்தக்காரர்கள் அழித்துவிட்டதாக நம்பிய படங்களில் 40,000-க்கு மேல் மீட்டெடுக்க முடிந்தது. மறு வருஷம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ரீசெட் செய்த 21 போன்களைப் பரிசோதித்து, கூகுள் கணக்குக்குள் நுழைவதற்கான அடையாளக் குறியீட்டைப் பத்துக்கு எட்டு என்ற விகிதத்தில் மீட்க முடிந்ததாக அறிவித்தார்கள். அவையெல்லாம் பழைய பதிப்பில் ஓடிய போன்கள். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், போதிய சக்தியுள்ள புதுப் போன்களில் தகவல்களைச் சங்கேதமாக்கியே சேமிக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. ஐபோனில் இந்த ஏற்பாடு அதற்கும் முன்பிருந்தே உண்டு. இப்படிப்பட்ட போனில் ரீசெட் செய்தால், சங்கேதத்தின் திறவுகோல் அழிந்து, மிஞ்சிக் கிடப்பது எவராலும் வாசிக்க முடியாத வெறும் குப்பையாகிவிடுகிறது. அதற்கும் பழைய போனாக இருந்தால், செட்டிங்ஸில் ‘என்கிரிப்ட்’ என்று இருப்பதை முதலில் செய்து, பிறகு ரீசெட் செய்வது உசிதம்.

ரீசெட் செய்தாலும், போனைக் கொடுக்கும் முன் மெமரி கார்டையும் சிம்மையும் கையால் கழற்றிக்கொள்வதுதான் பத்திரம். படங்களைப் பிரதி எடுப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; ஆறு இலக்கக் குறியீடு தரும் ‘ஆதென்டிகேட்டர்’ செயலியைப் புதுப் போனுக்கு மாற்றிக்கொள்வதைத்தான் படித்தவர்களும் மறந்துவிட்டு, பின்னால் சொந்தக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்கிறார்கள். கூகுள் கணக்கை நீக்காமல், பொத்தான்களை அழுத்தி ரெகவரி வழியாகத் துடைத்தால் வேறு ஓர் உபத்திரவம் உண்டு. 2015 முதல் ஆண்ட்ராய்டிலும், 2013 முதல் ஐபோனிலும் உள்ள திருட்டுத் தடுப்புப் பூட்டு விழித்துக்கொண்டு, பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். வாங்கியவர் போன் செய்து கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டால் ஒருபோதும் சொல்லலாகாது; ஐபோனானால் ஐகிளவுட் தளத்திலிருந்தே அதை நீக்கிவிடலாம், ஆண்ட்ராய்டானால் நேரில் வரச்சொல்லி நம் கையாலேயே கணக்கை எடுத்துவிடலாம்.

பழுது பார்க்கக் கொடுப்பதும் தற்காலிகமாகக் கைமாறுவதுதான். பேட்டர்ன் என்ன என்று கேட்டு, ஒன்பது புள்ளி போட்டுக் கோடிழுத்த சீட்டை போனின் முதுகிலேயே ஒட்டிவைக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. டிஸ்பிளேயோ பேட்டரியோ மாற்றுவதற்குப் பூட்டைத் திறந்து காட்ட வேண்டிய அவசியமில்லை. மாற்றி முடித்த பிறகு நம் எதிரிலேயே திறந்து பரீட்சை பார்க்கலாம். சாம்சங் 2022-லும், கூகுள் தன் பிக்சல் போன்களில் 2023-லும், அந்தரங்கத்தை மூடிவைத்துவிட்டுப் போனை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கென்றே தனி வசதி செய்திருக்கின்றன. ‘ரீசெட் செய்தால்தான் சரியாகும்’ என்று கடைக்காரர் சொன்னால், சம்மதம் சொல்வதும் மறுப்பதும் நம் உரிமை. எது பேசப்பட்டதோ அதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ரசீது தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலைப் பிறருக்கு வெளியிடுவதும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கைகள் என்பது பலருக்குத் தெரியாது.

அனுமதியின்றிப் படங்களைப் பிரதி எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைக் காட்டும் படத்தைச் சம்மதமின்றிப் பரப்பினால் அதற்கு 66இ என்று தனிப் பிரிவே இருக்கிறது. இதற்குக் காவல் நிலையத்தின் படி ஏறத் தயங்குகிற பெண்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கான பகுதியில், பெயர் குறிப்பிடாமலே புகார் கொடுக்கலாம். சேவைக் குறைபாட்டுக்கு முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணமில்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

பழைய போனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு ஜாக்கிரதை தேவை. ரீசெட் எல்லாவற்றையும் அழித்தாலும் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண்ணை அழிப்பதில்லை. *#06# என்று அழுத்தி அதைத் தெரிந்துகொண்டு, ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களுடன் அதைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போன் தடை செய்யப்பட்டதா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் மலிவென்று வாங்கியவர், ஒருநாள் போலீஸார் வந்து கேட்கும்போது, பில் இல்லாமல் விழிக்க நேரும்.

தொலைந்த போனை தூரத்திலிருந்தே துடைக்கும் வசதி இருக்கிறதென்று அவசரப்படுவதும் நல்லதல்ல. ஆண்ட்ராய்டு போனைத் துடைத்துவிட்டால், பிறகு அது எங்கே இருக்கிறதென்று பார்க்கும் வழி அடைபட்டுவிடும். ஆகையால் முதலில் பூட்டு; தேடி, கிடைக்காது என்று நிச்சயமான பிறகே துடைப்பு. இதற்கிடையில் போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலுடன் மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதிந்தால், நாட்டிலுள்ள எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் பயன்படாதபடி தடுத்துவிடுவார்கள். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் தடையை நீக்கிக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய ஐஎம்இஐ எண் பில்லிலும் பெட்டியிலும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டவர்கள், வேறொரு போனில் தங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, தொலைந்த போனைத் தேடும் பக்கத்தில் அதன் விவரங்களைப் பார்த்தால் அங்கே அது எழுதியிருக்கும்.