டப்பாவுக்குள் ஆறு மணி நேரம்

காலை 7 மணிக்கு அடுப்படியில் மூடிய டிபன் டப்பாவைப் பகல் 1 மணிக்குத்தான் பள்ளியில் திறக்கிறோம். இடையில் ஆறு மணி நேரம் ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள்; வரலாறு படிக்கிறீர்கள்; இடைவேளையில் ஓடி விளையாடுகிறீர்கள். டப்பாவுக்குள் இருக்கும் சோறு என்ன செய்துகொண்டிருக்கிறது?

அது சும்மா இருப்பதில்லை. நீராவி குளிர்ந்து நீராகிறது. வைட்டமின் ஒன்று மெல்ல அழிகிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகுகின்றன. அவற்றில் சில நமக்கு நண்பர்கள், சில பகைவர்கள்.

"இன்றைக்கு நல்ல சாப்பாடா?" என்று கேட்டால், என்னென்ன வைத்தார்கள் என்று பட்டியல் சொல்வோம். அது காலை ஏழு மணிக் கணக்கு. அறிவியல் கேட்பது பகல் ஒரு மணிக் கணக்கு. அதில் மூன்று கேள்விகள் உண்டு. உணவு கெடாமல் இருக்கிறதா? வயதுக்கு ஏற்ற சத்து அதில் இருக்கிறதா? அந்தச் சத்து உடலில் சேருமா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால்தான் அது நல்ல மதிய உணவு.

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு...

பாக்டீரியாக்கள் பிளந்து பெருகுபவை. வெப்பம், ஈரம், உணவு மூன்றும் ஒத்துவந்தால் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு மணி நேரத்தில் மூன்று இரட்டிப்பு. ஆறு மணி நேரத்தில் 18 இரட்டிப்பு. ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்கி 18 முறை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். விடை 2,62,144!

இந்த வேகம் எப்போதும் கிடைக்காது. ஏறக்குறைய 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் அவற்றுக்கு ஏற்றது. அதற்குக் கீழே சோம்பிக் கிடக்கும். அதற்கு மேலே பெருக முடியாது. பள்ளிப் பையில் இருக்கும் சாதாரண டப்பா நாள் முழுவதும் இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

"சோறு கொதித்து வெந்ததுதானே? கிருமி எல்லாம் செத்திருக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பெரும்பாலானவை செத்துவிடும். ஆனால் அரிசியில் சாதாரணமாகக் காணப்படும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா ஒரு தந்திரம் அறிந்தது. ஆபத்து வரும்போது அது 'ஸ்போர்' என்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். கொதிநீரும் அந்த உறையை எளிதில் அழிப்பதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறியதும் அது விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். பெருகும்போது ஒரு நச்சுப் பொருளையும் வெளியிடும். அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைத்துவிடும்.

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உணவு விடுதிகளில் வறுத்த சோறு சாப்பிட்ட பலருக்கு இப்படி வாந்தி வந்தது. முன்பே வேகவைத்து, வெளியில் வெகுநேரம் வைத்திருந்த சோற்றைப் பிறகு எண்ணெயில் வறுத்துக் கொடுத்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. இரவு மிஞ்சி, விடியும்வரை மேடையிலேயே கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து, எலுமிச்சை பிழிந்து டப்பாவில் அடைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாளிப்பதால் மணம் திரும்பும், நச்சு போகாது. டப்பாவுக்குக் காலையில் வடித்த சோறே ஏற்றது.

புளிப்பும் உலர்வும்

குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இரண்டு நாள் வண்டிப் பயணம் போனார்கள். அவர்கள் பெரும்பாலும் எடுத்துப்போனது புளியோதரை. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் மிகுந்த இடத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. புளிக்காய்ச்சலைச் சுண்டக் காய்ச்சி நல்லெண்ணெய் பிரியும் பதத்தில் இறக்குகிறோம். அப்போது நீரும் குறைந்துவிடுகிறது. அமிலம் அதிகம், ஈரம் குறைவு: இரண்டு காவல்கள்.

இட்லிக்கு மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவி வைப்பதன் காரணமும் இதுதான். தேங்காய்ச் சட்னியில் நீரும் சத்தும் நிறைய, அமிலமோ மிகக் குறைவு. அதனால் மதியத்துக்குள் ஊசிப்போகிறது. அதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். டப்பாவுக்குப் பொடிதான் தோழன்.

தயிர்சாதத்தில் நடப்பது இன்னும் சுவையானது. காலையிலேயே தயிரை நிறையப் பிசைந்தால் மதியத்துக்குள் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடும். ஆகவே பல வீடுகளில் குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்க்கிறார்கள். தயிரில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. வகுப்பு நடக்கும்போது உங்கள் டப்பாவில் தயிர் தோய்கிறது! அந்த அமிலம் பகைப் பாக்டீரியாக்களை அடக்கியும் வைக்கிறது.

*செய்து பாருங்கள்:* இப்படிக் கலந்த பால்சோற்றில் ஒரு கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். காலையிலும் ஆறு மணி நேரம் கழித்தும் ஈரமான பகுதியில் நீல லிட்மஸ் தாளைத் தொட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை தாள் நன்றாகச் சிவக்கும். சோதனைக்கு வைத்த சோற்றை உண்ண வேண்டாம்.

மூடும் முன்

கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு உடனே மூடினால், மூடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீர் சொட்டிப் பொரியலை நனைத்து, பாக்டீரியாவுக்கு ஈரம் கொடுக்கிறது. ஆகவே சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் டப்பாவில் எடுத்து மூடுவது நல்லது.

வெப்பம் காக்கும் இரட்டைச் சுவர் டப்பாவுக்கு முறை நேர்மாறானது. அதில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, உணவை நல்ல சூட்டோடு போட்டு மூட வேண்டும். அப்போதுதான் 60 டிகிரிக்கு மேலே அதிக நேரம் நிற்கும்.

புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றை அலுமினியப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது; அமிலம் அந்த உலோகத்தை அரிக்கும். எவர்சில்வரில் உள்ள குரோமியம், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அதனால் புளிப்பு அதைத் தொடுவதில்லை.

பள்ளியில் சத்துணவு சாப்பிடும் நண்பர்களுக்கு இந்த ஆறு மணி நேரச் சிக்கல் இல்லை. காமராஜர் ஆட்சியில் 1956ல் மதிய உணவுத் திட்டமாகத் தொடங்கி, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982ல் சத்துணவுத் திட்டமாக விரிந்த அந்த ஏற்பாட்டில், சமைத்த உணவு சூடாகவே தட்டுக்கு வருகிறது. அறிவியல் நோக்கில் அது பெரிய நன்மை.

எவ்வளவு, என்னென்ன?

இனி இரண்டாம் கேள்வி. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல் நம் நீலகிரி மலையில், குன்னூரில் முளைவிட்டது. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்கரிசன் 1920களில் வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரித்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட குழு செழித்து வளர்ந்தது. எடையில் கடைசியாக நின்றது சென்னை மாகாணத்துச் சோற்றுணவு உண்ட குழு!

குற்றம் அரிசியுடையது என்று எண்ணிவிடாதீர்கள். தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியே தட்டை நிறைத்ததும், பருப்பும் பாலும் காயும் ஓரத்தில் ஒதுங்கியதும்தான் குற்றம். உங்கள் டப்பாவைத் திறந்து பாருங்கள். அதே நிலை இன்றும் இருக்கிறதா?

ஒரு கணக்குப் போடுவோம். 2020ல் வெளியிடப்பட்ட இந்திய அளவீட்டின்படி, 13 முதல் 15 வயதுள்ள மாணவனுக்கு நாளொன்றுக்கு 2860 கிலோ கலோரி ஆற்றலும் 45 கிராம் புரதமும் வேண்டும். அதே வயது மாணவிக்கு 2400 கிலோ கலோரியும் 43 கிராம் புரதமும் வேண்டும். இதில் மூன்றில் ஒரு பங்கு மதிய உணவில் கிடைக்க வேண்டும் என்று கொள்வோம். புரதம் மட்டும் ஏறக்குறைய 15 கிராம்.

டப்பாவில் 300 கிராம் வெறும் சோறு இருந்தால் கிடைப்பது சுமார் 390 கிலோ கலோரி, 8 கிராம் புரதம். பாதிதான்! அதனோடு 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்தால் மேலும் 8 கிராம் புரதம் கிடைத்துத் தேவை நிறைவேறுகிறது. ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை இன்னும் 7 கிராம் புரதமும் 170 கிலோ கலோரியும் தரும்.

சோறும் பருப்பும் சேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அச்சகத்தில் ஒரு எழுத்து தீர்ந்துபோனால் மற்ற எழுத்துகள் எவ்வளவு இருந்தாலும் சொல்லைக் கோக்க முடியாது. அரிசியில் 'லைசின்' என்ற எழுத்து குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் 'மெத்தியோனின்' குறைவு. அரிசி அதை ஈடு செய்கிறது. பொங்கல், அடை, இட்லி, சாம்பார் சாதம் எல்லாம் இந்த இரட்டையர் கூட்டணிதான்.

உண்டது ஒட்டுமா?

மூன்றாவது கேள்வியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 2019–21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 100க்கு 31 பேருக்கு இருந்தது. இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இரும்புச் சத்துக் குறைவு. இரும்பு இல்லாமல் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாகாது. ஹீமோகுளோபின் குறைந்தால் மூளைக்கும் தசைக்கும் போகும் ஆக்சிஜன் குறையும். பிற்பகல் வகுப்பில் தலை கவிழ்ந்து சோர்ந்திருக்கும் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர்!

கீரையிலும் பயறுகளிலும் இரும்பு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி 'பெர்ரிக்' வடிவில் இருக்கிறது. குடல் அதை எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி அதை 'பெர்ரஸ்' வடிவுக்கு மாற்றுகிறது. பிறகு அது எளிதில் இரத்தத்தில் சேரும். ஆகவே சுண்டலில் தேங்காய்த் துருவலுக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஒரே பழம் இரண்டு வேலை செய்கிறது: கெடாமல் காக்கிறது, இரும்பையும் உடலில் சேர்க்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும்.

இன்னும் எளிய வழி ஒரு கொய்யாப்பழம். எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைப்போல் மூன்று நான்கு மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. நறுக்காமல் முழுதாகக் கொண்டுபோங்கள். வெட்டிய பரப்பில் காற்றுப் பட்டால் அந்த வைட்டமின் குறையும். நெல்லிக்காயும் அப்படியே.

சாப்பிட்ட கையோடு தேநீர், காபி குடிப்பதைத் தவிருங்கள். அவற்றில் உள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடிக்கடி மயக்கமோ மூச்சு வாங்குதலோ இருந்தால் உணவை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஒரு வாரத்துக்கு ஒரு மாதிரி

திங்கள்: எலுமிச்சை சாதம், வேர்க்கடலை, கேரட் பொரியல், கொய்யா.
செவ்வாய்: முருங்கைக்கீரை சேர்த்த அடை, வெல்லம், நெல்லிக்காய்.
புதன்: புளியோதரை, எலுமிச்சை பிழிந்த கொண்டைக்கடலைச் சுண்டல், முழு வாழைப்பழம்.
வியாழன்: சப்பாத்தி, கெட்டியான பாசிப்பயறு மசாலா, தக்காளி.
வெள்ளி: பால் கலந்த தயிர்சாதம், தட்டைப்பயறு சுண்டல், ஆரஞ்சு.

இவற்றில் விலை உயர்ந்தது எதுவும் இல்லை. முட்டை சாப்பிடும் வீட்டில் அதைக் காலைப் பலகாரத்தோடு சுடச்சுடச் சாப்பிட்டுவிடலாம். தண்ணீர்ப் புட்டியை மறக்க வேண்டாம். உண்ணும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நண்பர்களோடு பகிர்ந்து உண்ணும்போது இது இன்னும் அவசியம். பகிர்வதால் உங்கள் தட்டில் இரண்டு மூன்று வகைக் காய் கூடும் என்பது தனி லாபம்.

இறுதியாக ஒன்று. டப்பாவைக் கட்டிக்கொடுக்கும் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ அதைக் காலை ஏழு மணிக்குத்தான் பார்க்கிறார்கள். ஒரு மணிக்கு அது எப்படி இருந்தது என்று பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். பொரியல் நீர் விட்டிருந்ததா, சோறு வரண்டிருந்ததா, மணம் மாறியிருந்ததா, எது மிஞ்சியது, ஏன் மிஞ்சியது என்று ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பிடிக்காததை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு வந்தால், நாளையும் அதுவே வரும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குறிப்பை வீட்டில் படித்துக் காட்டுங்கள். அடுத்த வாரத்து டப்பாவை எப்படிக் கட்டுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.